பாடலியில் ஒரு தூண்

பாட்னாவில் எனக்கு அரை நாள் மிச்சமாகக் கிடைத்தது. ஆபீஸ் வேலை மத்தியானமே முடிந்துவிட்டது, ரயில் ராத்திரிதான். கூட வந்தவர் லாட்ஜில் படுத்துவிட்டார். நான் ஆட்டோ பிடித்து "கும்ஹரார்" என்றேன். டிரைவருக்கு அது ஒரு பூங்கா, அவ்வளவுதான். எனக்கு அது பாடலிபுத்திரம். சந்திரகுப்தனும் அசோகனும் இருந்து ஆண்ட ஊர். பள்ளிக்கூடத்திலிருந்து மனதுக்குள் கட்டி வைத்திருந்த கோட்டையைப் பார்க்கப் போகிற பரபரப்பு.

டிக்கெட் வாங்கி உள்ளே போனால் புல்வெளி. கத்தரித்து விட்ட செடிகள், சிமெண்ட் பெஞ்சு, ஜோடி ஜோடியாகக் காலேஜ் பிள்ளைகள். ஒரு கூரைக்குக் கீழே ஒரே ஒரு கல்தூண் படுத்துக் கிடந்தது. மணற்கல்தான், ஆனாலும் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு. இரண்டாயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் யாரோ தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. மௌரியர் காலத்து மெருகு என்று புத்தகத்தில் படித்தபோது அது வெறும் சொல். நேரில் பார்த்தபோது, பக்கத்தில் யாரும் இல்லையென்றால் தொட்டுப் பார்த்திருப்பேன்.

எண்பது தூண் மண்டபம் எங்கே என்று என் அரைகுறை இந்தியில் காவலாளியிடம் கேட்டேன். அவர் எந்தப் பக்கமும் கையை நீட்டவில்லை. குனிந்து என் செருப்பைப் பார்த்தார். "இதுக்குக் கீழேதான்" என்றார்.

விஷயம் இதுதான். தோண்டி எடுத்த இடத்தில் நிலத்தடி நீர் ஏறிக்கொண்டே வந்தது. தூண்களின் அடிப்பாகம் தண்ணீரில் ஊறிச் சிதையத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் தொல்லியல் துறையே திரும்ப மண்ணைப் போட்டு மூடிவிட்டது. தோண்டுவதற்கு ஒரு செலவு, மூடுவதற்கு ஒரு செலவு. ஆனால் அது சரியான முடிவு என்றுதான் எனக்குப் படுகிறது. மண்ணுக்குள் இருந்தவரை அவை பத்திரமாகத்தானே இருந்தன.

அந்தப் புல்வெளியில் நின்றபோது குறுந்தொகைப் பாட்டு ஒன்று ஞாபகம் வந்தது. 75-ஆம் பாட்டு, படுமரத்து மோசிகீரனார் பாடியது. பிரிந்து போன தலைவன் திரும்பி வருகிறான் என்று ஒருவன் செய்தி கொண்டு வருகிறான். தலைவிக்குச் சந்தோஷம்தான், ஆனால் அவள் உடனே நம்பிவிடவில்லை. "நீ கண்டனையோ, கண்டார்க் கேட்டனையோ" என்று கேட்கிறாள். நீயே பார்த்தாயா, பார்த்தவர்களிடம் கேட்டாயா? ஒழுங்காகச் சொல். சொன்னால் உனக்கு என்ன கிடைக்கட்டும் தெரியுமா? "வெண்கோட்டு யானை சோணை படியும் பொன்மலி பாடலி பெறீஇயர்." வெள்ளைத் தந்தம் கொண்ட யானைகள் சோணை ஆற்றில் குளிக்கிற, பொன் குவிந்த பாடலி நகரமே உனக்குக் கிடைக்கட்டும்.

லாட்டரி விழட்டும் என்று வாழ்த்துகிற மாதிரி. தமிழ்நாட்டில் இருந்த ஒரு புலவருக்குப் பெரிய பரிசு என்று யோசித்தால் பாடலி ஞாபகம் வந்திருக்கிறது. அவர் அங்கே போயிருப்பாரா? பாட்டின் கேள்வியையே அவரிடம் திருப்பிக் கேட்கலாம். கண்டாரோ, கண்டாரைக் கேட்டாரோ, ஆற்றின் பெயரைச் சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இது சின்ன விஷயமில்லை. ஏனென்றால் ஐரோப்பியர்கள் இந்த ஊரைக் கண்டுபிடிக்கப் பட்ட பாடு அப்படி. சந்திரகுப்தனின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ் என்ற கிரேக்கர், பாலிம்போத்ரா என்ற தலைநகரைப் பற்றி எழுதி வைத்தார். நீளம் 80 ஸ்டேடியா, அகலம் 15. நம் கணக்கில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளம், இரண்டரைக்கு மேல் அகலம். சுற்றிலும் மரத்தாலான மதில், அம்பு எய்யத் துளைகள், 570 கோபுரங்கள், 64 வாயில்கள், வெளியே அகழி. கங்கையும் எரன்னோபோவாஸ் என்ற ஆறும் கூடும் இடம். மெகஸ்தனிஸ் கண்டவர்தான். ஆனால் அவர் எழுதிய நூல் தொலைந்துவிட்டது. அதைப் படித்த அரியனும் ஸ்டிராபோவும் பல நூற்றாண்டு கழித்து மேற்கோள் காட்டியதுதான் நம் கையில் இருக்கிறது. ஆக, கண்டாரைக் கேட்டது.

இந்த ஊர் எது என்று பதினெட்டாம் நூற்றாண்டு முழுக்கச் சண்டை. பாட்னாவில் ஆறு கூடவில்லையே என்பதுதான் சிக்கல். சோன் ஆறு இன்று பாட்னாவுக்கு மேற்கே தள்ளிக் கங்கையில் சேர்கிறது. அது முன்பு நகரத்தை ஒட்டியே ஓடிய ஆறு, படுக்கை மாறிப் போய்விட்டது. பாட்னாதான் என்று நில அளவையாளர் ரென்னல் சொன்னார். 1793-இல் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் நிகழ்த்திய உரையில் அந்த முடிச்சு அவிழ்ந்தது. எரன்னோபோவாஸ் என்பது இரணியபாகு, இரணியபாகு என்பது சோன் ஆற்றுக்கே இன்னொரு பெயர் என்று வடமொழி நூல் ஒன்றில் பார்த்தார். அதோடு கிரேக்கர்கள் சொன்ன சாண்டிரகோட்டஸ் நம் சந்திரகுப்தன்தான் என்பதும் உறுதியானது. இந்திய வரலாற்றின் காலக்கணக்கே அந்த ஒரு பெயர்ப் பொருத்தத்தில் தொங்குகிறது. அந்த நேரத்தில், "சோணை படியும் பாடலி" என்று எழுதியிருந்த ஏடு தமிழ்நாட்டில் யார் வீட்டுப் பரணிலோ அச்சேறாமல் கிடந்தது.

எங்கள் பள்ளியில் 'பொருத்துக' என்று ஒரு கேள்வி வரும். இடது பக்கம் அங்கம், மகதம், கோசலம், வத்சம், அவந்தி. வலது பக்கம் உஜ்ஜயினி, சம்பா, சிராவஸ்தி, கௌசாம்பி, ராஜகிருகம். கோடு போட்டுச் சேர்த்தால் ஐந்து மார்க். பதினாறு மகாஜனபதங்களையும் அப்படியே ஒப்பித்தவன் நான். அந்தக் கேள்வி மனதில் விதைக்கிற தப்பு ஒன்று உண்டு. ஒரு வம்சத்துக்கு ஒரு தலைநகர், கணவன் மனைவி மாதிரி என்று நினைக்க வைத்துவிடும். நடந்தது அப்படி இல்லை. பாடலி எத்தனை வம்சத்தைப் பார்த்தது! அரியங்கர், நந்தர், மௌரியர், சுங்கர், அப்புறம் குப்தர். சோழர்களுக்கோ எத்தனை ஊர்! உறையூர், புகார், பழையாறை, தஞ்சை, கங்கைகொண்ட சோழபுரம். வைசாலியை எந்தக் கட்டத்தில் போடுவது? அங்கிருந்த வஜ்ஜிகளுக்குத் தலைநகர் உண்டு, தனி ஒரு ராஜா கிடையாது. கூடிப் பேசி ஆண்டார்கள். அங்கே 7,707 ராஜாக்கள் என்று, புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் சாதகக் கதைகள் சொல்லும். அவ்வளவு பேரையும் உட்கார வைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வருவதை நினைத்தால், எங்கள் அபார்ட்மெண்ட் சங்கக் கூட்டம் எவ்வளவோ மேல்.

மகதத்தின் பழைய தலைநகர் ராஜகிருகம், இன்றைய ராஜ்கிர். சுற்றிலும் ஐந்து குன்று. அந்தக் குன்றுகளின் முதுகிலேயே, சாந்து பூசாமல் பெரிய பெரிய பாறைகளை அடுக்கிச் சுமார் 40 கிலோமீட்டருக்கு மதில் எடுத்திருக்கிறார்கள். உள்ளே வெந்நீர் ஊற்று. பிம்பிசாரன் அங்கிருந்துதான் ஆண்டான். ஒளிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் மகதத்துக்கு ஒளிந்துகொள்கிற காலம் முடிந்துவிட்டது. அங்கத்தைப் பிடித்தாயிற்று, கங்கைக்கு வடக்கே வஜ்ஜிகளோடு மோதல். படகும் வரியும் யானையும் போகிற பெருவழி கங்கைதான். குன்றுக்குள் உட்கார்ந்துகொண்டு ஆற்றை ஆள முடியாது. பிம்பிசாரனின் மகன் அஜாதசத்ரு கங்கைக் கரையில் பாடலி என்ற கிராமத்தில் கோட்டை கட்ட ஆரம்பித்தான். அவன் மகன் உதயன் தலைநகரையே அங்கே கொண்டுபோனான். (பாடலி என்பது பாதிரி மரம். கடலூரில் உள்ள திருப்பாதிரிப்புலியூருக்கும் அதே மரம்தான், அங்கிருந்த சமணப் பள்ளியையும் பாடலிபுத்திரம் என்றுதான் அழைத்தார்கள். அப்பர் சமணராக இருந்தது அங்கேதான்.)

கோட்டை வேலை நடந்துகொண்டிருந்தபோது புத்தர் அந்த வழியாகப் போனார் என்று பாலி நூல் சொல்கிறது. கட்டட வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சுனிதன், வஸ்ஸகாரன் என்ற இரண்டு அமைச்சர்கள். புத்தர் ஆனந்தரிடம், இது எல்லா நகரத்துக்கும் மேலான நகரமாக வரும், ஆனால் மூன்று ஆபத்து இருக்கிறது என்றாராம். நெருப்பு, தண்ணீர், உட்பகை. இதில் எனக்குப் பிடித்தது பின்கதை. அதே வஸ்ஸகாரன்தான் பிறகு வைசாலிக்குப் போய், அரசனிடம் அடிபட்டு வந்தவன் மாதிரி நடித்து, மூன்று வருடம் அங்கேயே தங்கி, வஜ்ஜிகளை ஒருவர் மேல் ஒருவருக்குச் சந்தேகம் வரும்படி பிரித்துவிட்டதாகப் பௌத்த உரைகள் சொல்கின்றன. அஜாதசத்ரு படையோடு வந்தபோது கதவைச் சாத்தக்கூட ஆள் சேரவில்லையாம். மூன்றாவது ஆபத்தைத் தன் ஊருக்கு வரவிடாமல் அடுத்த ஊருக்கு அனுப்பி வைத்தான் போல.

கும்ஹராரில் 1912-இலிருந்து தோண்டியவர் ஸ்பூனர். பணம் கொடுத்தது ரத்தன் டாட்டா, ஜாம்ஷெட்ஜியின் இளைய மகன். ஸ்பூனர் தோண்டத் தோண்டத் தூண்கள் முழுசாகக் கிடைக்கவில்லை. தூண்கள் நின்றிருந்த இடங்கள்தான் கிடைத்தன. சரியான இடைவெளி விட்டு, வரிசையாக, சாம்பலும் கல் துண்டுமாகக் குவியல்கள். அதை வைத்துத்தான் இது தூண் மண்டபம் என்று கணக்குப் போட்டார், 72 வந்தது. 1951 முதல் 1955 வரை அல்தேகர் குழு தோண்டியபோது இன்னும் எட்டு சேர்ந்து 80 ஆனது. பாரசீகத்துப் பெர்செபோலிஸ் மாளிகையின் சாயல் இதில் இருக்கிறது என்று ஸ்பூனர் எழுதினார், எழுதிய வேகத்தில் மௌரியர்களையே பாரசீகர்கள் என்கிற அளவுக்குப் போய்விட்டார். பணம் போட்டவர் பார்சி என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். பக்கத்தில் புலந்திபாக்கில் மரத்தாலான மதிலின் ஒரு பகுதியே வெளிவந்தது. மெகஸ்தனிஸ் சொன்ன மரமதில். இரண்டாயிரம் வருடம் கழித்து அந்தச் சாட்சி நின்றது.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன யாத்திரிகர் பாகியான் வந்தபோது அசோகனின் அரண்மனை நின்றுகொண்டிருந்தது. இது மனிதர் கட்டியதில்லை, பூதங்கள் கட்டியது என்று எழுதினார். ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் வந்தபோது வெறும் அடித்தளங்கள். நெருப்பும் தண்ணீரும் தங்கள் வேலையைச் செய்திருந்தன. அகநானூற்றில் மாமூலனார் ஒரு கேள்வி கேட்பார். பொருள் தேடிப் போன தலைவன் இன்னும் திரும்பவில்லையே, அப்படி எந்தப் பொருள் அவனைப் பிடித்து வைத்திருக்கிறது? நந்தர்கள் பாடலியில் சேர்த்து "கங்கை நீர்முதல் கரந்த நிதியம் கொல்லோ"? கங்கைத் தண்ணீருக்கு அடியில் ஒளித்து வைத்த புதையலா? அது உவமைக்குச் சொன்னது. என் செருப்புக்குக் கீழே, தண்ணீர் ஏறிய மண்ணுக்குள், மௌரிய மண்டபம் ஒளிந்திருந்தது மட்டும் உவமை இல்லை.

ரயிலில் படுத்துக்கொண்டு யோசித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பழைய தலைநகரங்களில் நாம் நன்றாகப் பார்த்தவை எல்லாம் செத்துப்போன ஊர்கள். தட்சசீலத்தில் ஜான் மார்ஷல் 1913-இலிருந்து 1934 வரை தோண்டினார். பீர் மேடு, சிர்கப், சிர்சுக் என்று பக்கம் பக்கமாக மூன்று நகரங்களை வெளியே எடுத்தார். தெரு, வீடு, சாக்கடை வரைக்கும் தெரிகிறது. இன்றைக்கு அது பாகிஸ்தானில். கௌசாம்பியும் அப்படித்தான். யாழ் வாசித்து யானையை அடக்கிய உதயணனின் ஊர் என்று நம் பெருங்கதையில் வருகிற கோசம்பி இன்று யமுனைக் கரையில் மண்மேடு. ஜனங்கள் எழுந்து போனதால் தோண்ட முடிந்தது.

வாழ்கிற ஊர் காட்டாது. பாட்னா, வாரணாசி, உஜ்ஜயினி, மதுரை, காஞ்சி, உறையூர் எல்லாம் இன்றும் குக்கர் விசில் அடிக்கிற ஊர்கள். மேலே பஸ் ஓடுகிறது, கீழே இரண்டாயிரம் வருடம். யாரை எழுப்பிவிட்டுத் தோண்டுவது?

இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் ஒன்று உண்டு. புவனேஸ்வரத்துக்குப் பக்கத்தில் சிசுபாலகட். சதுரமான கோட்டை, ஒரு பக்கமே ஒரு கிலோமீட்டருக்கு மேல், பக்கத்துக்கு இரண்டாக எட்டு வாயில். 1948-இல் பி.பி. லால் தோண்டியபோது வயல்காடு. இப்போது மதிலுக்கு உள்ளேயே வீடுகள் முளைத்துவிட்டன. கலிங்க அரசன் காரவேலன் தன் அத்திகும்பா கல்வெட்டில் சொல்கிற கலிங்கநகரி இதுதான் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். அந்தக் கல்வெட்டில் அவன் பெரிய பெரிய போரெல்லாம் அடுக்குகிறான், தமிழ் அரசர்களின் கூட்டணியை உடைத்ததாகக்கூடச் சொல்லிக்கொள்கிறான். ஆனால் பட்டத்துக்கு வந்த முதல் வருடத்தில் என்ன செய்தான்? புயலில் இடிந்த கோட்டை வாசலையும் மதிலையும் பழுது பார்த்தான். ஒடிசாவில் புயல் அடித்தால் என்ன ஆகும் என்று டிவியில் பார்த்தவர்களுக்கு அந்த வரி சட்டென்று புரியும். ராஜாவாக இருந்தாலும் முதல் வேலை அதுதான்.

ஊருக்கு வந்ததும் உறையூருக்குப் போனேன். பெரியப்பா வீடு அங்கேதான். சின்ன வயதிலிருந்து லீவுக்குப் போகிற வீடு. எனக்கு உறையூர் என்றால் தறிச் சத்தம், சுருட்டு வாசம், வெக்காளியம்மன் கோயில் கூட்டம். அது சோழர் தலைநகர் என்று தெரியும், ஆனால் தெரிந்து என்ன? பெரியப்பா வீட்டுப் பாத்ரூமில் நின்றுகொண்டு கரிகாலனை நினைக்க யாருக்குத் தோன்றும்.

"பாட்னாவுல என்னப்பா பாத்தே?" என்றார் பெரியப்பா.

"ஒரு தூண் பெரியப்பா."

"அதுக்கா அவ்ளோ தூரம் போனே?"

ஆபீஸ் செலவில்தான் போனேன் என்று சொன்ன பிறகு சமாதானமானார்.

உறையூருக்குக் கோழி என்று இன்னொரு பெயர். யானையை ஒரு கோழி எதிர்த்துத் துரத்திய மண் என்று கதை. பஞ்சவர்ணசுவாமி கோயிலில் அந்தச் சிற்பத்தைப் பார்க்கலாம். "ஊர் எனப்படுவது உறையூர்" என்று பழைய சொல். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்ற கிரேக்க மாலுமிக் குறிப்பு அர்கரு என்ற உள்நாட்டு ஊரையும், அங்கிருந்து போகிற மெல்லிய துணியையும் சொல்கிறது. அது உறையூர்தான். 1965 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தார் இங்கே தோண்டினார்கள். கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துகள், ரோம வணிகத்தோடு சேர்த்துப் பேசப்படும் வட்ட வரிப் பானைகள், அப்புறம் செங்கல்லால் கட்டிய சாயத் தொட்டி. அரண்மனை கிடைக்கவில்லை. சிம்மாசனம் கிடைக்கவில்லை. துணிக்குச் சாயம் போட்ட தொட்டி கிடைத்தது. எனக்கு அதில் ஏமாற்றமே இல்லை. பெரியப்பா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இன்றைக்கும் தறி ஓடுகிறது. அந்த வீட்டு வாசலில் சாயம் நனைத்த நூல் கொடியில் காய்ந்துகொண்டிருந்ததை அன்றுதான் நின்று பார்த்தேன். நூலிலிருந்து சொட்டிய நீலம் சிமெண்ட் தரையில் ஒரு கோடாக ஓடி வாய்க்காலில் சேர்ந்தது.

புத்தர் சொன்ன மூன்றாவது ஆபத்து உறையூருக்கு வந்தது. நலங்கிள்ளி முற்றுகை போட்டிருக்க, நெடுங்கிள்ளி உள்ளே கதவடைத்துக் கிடக்கிறான். இரண்டு பேருமே சோழர்கள். கோவூர் கிழார் நடுவில் போய் நிற்கிறார். உன்னோடு போரிடுகிறவன் பனம்பூ சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூ சூடிய பாண்டியன் இல்லை, உன் கழுத்திலும் ஆத்தி, அவன் கழுத்திலும் ஆத்தி, எவன் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதானே என்கிறார். கொஞ்சம் யோசித்தால் மற்ற இரண்டு ஆபத்தும் நம் ஊர்களுக்குப் பங்கு வைத்த மாதிரி வந்திருக்கிறது. மதுரைக்கு நெருப்பு, கண்ணகி வைத்தது. புகாருக்குத் தண்ணீர், மணிமேகலை சொல்வது. ரொம்பப் பொருத்தமாக வருகிறது, அதனாலேயே இதை நான் பெரிதாக நம்புவதில்லை. கதை சொல்கிறவர்களுக்கு ஊர் அழிய நெருப்பும் நீரும் சண்டையும் தவிர வேறு என்ன வேண்டும்? ஆனால் புகாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1960-களில் பக்கத்துக் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது, படகைக் கட்டும் மரக்கட்டைகளோடு. கடல் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடவில்லை.

உறையூருக்கு மட்டும் நான்காவதாக ஒன்று உண்டு, மண்மாரி. சாரமா முனிவரின் நந்தவனத்துப் பூவைத் திருடி அரசனுக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததால் வானத்திலிருந்து மண் மழை பெய்து ஊர் மூடிப்போனதாம். வீடிழந்த ஜனங்கள் வெக்காளியம்மனிடம் ஓடினார்கள். எல்லாருக்கும் வீடு கிடைக்கும்வரை தனக்கும் கூரை வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள். இன்றைக்கும் வெயிலிலும் மழையிலும் திறந்த வெளியில்தான் இருக்கிறாள். எந்தத் தொல்லியலாளரும் இதைவிட எளிமையாக, ஒரு பழைய நகரம் மண்ணுக்குக் கீழே கிடக்கிறது என்பதைச் சொல்லிவிட முடியாது.

சேரர்களின் வஞ்சி எது என்பது தனிச் சண்டை. கேரளத்துக் கொடுங்கல்லூரா, நம் கரூரா? நூறு வருடமாக நடக்கிறது, இருதரப்பிலும் மொழிப்பற்று கொஞ்சம் அதிகம். நான் கரூர்ப் பக்கம். காரணம் ஆற்று மணல். கரூரில் அமராவதிப் படுகையில் மணலைச் சலித்தவர்களுக்குச் சின்னச் சின்னக் காசுகள் கிடைத்தன. ரோமானியக் காசு மட்டுமில்லை. 'மாக்கோதை' என்று தமிழி எழுத்தில் பெயரும், அரசனின் தலையும் பொறித்த சேரக் காசுகளும்தான். தாலமி என்ற கிரேக்கர் கரூராவைச் சேர அரசனின் இருப்பிடம் என்கிறார். பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டான் மலையில் கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறைச் சேரர்கள் கல்லில் இருக்கிறார்கள். சமண முனிவர் ஒருவருக்குக் குகையில் படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி. இளங்கடுங்கோ இளவரசன் ஆனதற்காகச் செய்தது.

அந்த மணலைப் புறநானூறும் பார்த்திருக்கிறது. கிள்ளிவளவன் கருவூரை முற்றுகையிட்டபோது ஆலத்தூர் கிழார் பாடியது. வளையல் போட்ட சிறுமிகள் பொன்னால் செய்த கழங்கு வைத்து ஆடுகிற ஆன்பொருநையின் வெண்மணல் சிதையும்படி காவல்மரத்தை வெட்டுகிறார்கள், அந்தக் கோடரிச் சத்தம் அரண்மனைக்குள் கேட்டும் சேரன் சும்மா உட்கார்ந்திருக்கிறான், அப்படிப்பட்டவனோடு போரிட உனக்கு வெட்கமாக இல்லையா என்று சோழனைக் கேட்கிறார். ஆன்பொருநைதான் அமராவதி. பொன் கழங்கு ஆடிய மணலில்தான் காசு கிடைத்தது.

அசோகன் தன் கல்வெட்டில் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என்று எல்லைக்கு அப்பால் இருந்தவர்களைச் சொல்கிறான், அவர்களுடைய ஊர்ப்பெயரை ஏனோ சொல்லவில்லை. இந்தச் சதியபுத்திரர் யார் என்று வெகுகாலம் தெரியாமல் இருந்தது. 1981-இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு பாறையில் 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி' என்று இருந்தது தெரிந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். தகடூர், இன்றைய தர்மபுரி அவன் ஊர். வடக்கே இருந்து ஒருவன் கேட்டதைச் சொன்னான், இங்கே அந்தக் குடிக்காரனே தன் பெயரை வெட்டி வைத்திருந்தான்.

மதுரைக்குத் தோண்டிப் பார்க்கிற அதிர்ஷ்டம் பக்கத்து ஊரில் கிடைத்தது. மதுரைக்குள்ளே எங்கே தோண்டுவது? மாசி வீதியிலா? மதுரைக்காஞ்சி சொல்கிற பகல் கடையும் ராத்திரிக் கடையும் இன்றும் அங்கே நடக்கிறது, கடைக்காரர்தான் மாறியிருக்கிறார். ஆனால் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் கீழடியில் 110 ஏக்கர் மேடு ஒன்று தென்னந்தோப்பாகவே இருந்தது. பள்ளிச்சந்தைத் திடல் என்று பெயர். 2014–15-இலிருந்து அங்கே தோண்டித்தான் செங்கல் கட்டடம், உறைகிணறு, பானையில் கீறிய பெயர்கள் எல்லாம் வந்தன. ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்று தமிழகத் தொல்லியல் துறை அறிவித்தது. தென்னை வைத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அபார்ட்மெண்ட் கட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஒரு நினைப்பு மட்டும் உறுத்தும். புறநகரே இப்படி என்றால் மாசி வீதிக்குக் கீழே என்ன இருக்கும்?

இதற்கு நேர் எதிர் விதி ஒன்றும் உண்டு. கிருஷ்ணா நதிக்கரையில் இக்ஷ்வாகு அரசர்களின் தலைநகர் விஜயபுரி. செத்த ஊர்தான், தோண்டுவதற்குத் தோதாகக் கிடந்தது. ஆனால் அதே பள்ளத்தாக்கில் நாகார்ஜுனசாகர் அணை வந்தது. 1954-இலிருந்து ஆறு வருடம் தண்ணீரோடு பந்தயம் போட்டுத் தோண்டி, முக்கியமான கட்டடங்களைப் பெயர்த்து மலை மேல் கொண்டுபோய் வைத்தார்கள். ஊர் அணைக்குள் போய்விட்டது. மலை இப்போது தீவு, படகில் போய்ப் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் கிளம்பும்போது பெரியப்பாவிடம் கேட்டேன்.

"மண்மாரி பெஞ்சதுங்கிறீங்களே, நிஜமாவா பெரியப்பா?"

"பெஞ்சுதுப்பா. எங்க அப்பா சொல்வார்."

"அவருக்கு யார் சொன்னா?"

"அவங்க அப்பா சொல்லியிருப்பார். அதெல்லாம் இருக்கட்டும், இதைப் பாரு" என்று டிவி ஸ்டாண்டைக் காட்டினார். அதில் ஒரு பானைத் துண்டு. வெளிப்பக்கம் செம்மண் சிவப்பு, உள்பக்கம் கன்னங்கரேல், அடுப்புச் சட்டி மாதிரி. பத்து வருடத்துக்கு முன் கக்கூஸ் தொட்டிக்குக் குழி வெட்டியபோது கூடை கூடையாக வந்ததாம். ஆட்கள் அள்ளிக் கொட்டிவிட்டார்கள். இது ஒன்று மட்டும் வளைவு நன்றாக இருக்கிறதே என்று பெரியம்மா கழுவி எடுத்து வைத்திருக்கிறார்.

கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு ஹேர்பின், கேஸ் புத்தகத்திலிருந்து கிழித்த சீட்டு, ஒரு பட்டன் செல் பேட்டரி.

"பாத்துப்பா, பேட்டரி நல்லாருக்கு, தூக்கிப் போட்டுராதே" என்றார் பெரியம்மா உள்ளே இருந்து.